ருசி பார்க்காத சமையற்காரி

வியாழக்கிழமை என்றால் அந்த முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்குப் பதினொன்றரைக்கே கதிரைகள் நிரம்பிவிடும். சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரத்தின் விளிம்பில், பேருந்து வட்டமடித்துத் திரும்புகிற இடத்தில் இருக்கிறது அந்த இல்லம். மற்ற நாட்களில் அறைக்கே தட்டு வரட்டும் என்று படுத்திருப்பவர்கள்கூட அன்றைக்குப் பல்செட்டைப் பூட்டி, தலையை வாரி, நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். வியாழக்கிழமை கன்றிறைச்சி. மெல்லிய கீலங்களாக அரிந்து, வெண்ணெயில் ஒரு நிமிடம் வாட்டி, வெள்ளை வைனும் கிரீமும் காளானும் சேர்த்த குழம்பு. பக்கத்தில் மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு ரோஸ்டி. தொண்ணூற்றிரண்டு வயதுக் கிழவர் ஒருவர், "என் அம்மா செய்தது இப்படியேதான்" என்பார். ஒவ்வொரு வியாழனும் சொல்வார். ஒவ்வொரு முறையும் முதல் முறை போலவே சொல்வார்.

அதைச் சமைப்பவள் செல்வராணி. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்து, இருபத்து நான்கு வயதில் இங்கே வந்து, கோப்பை கழுவும் இயந்திரத்தின் ஆவிக்குள் பன்னிரண்டு வருடம் நின்றுவிட்டு அடுப்புக்கு வந்தவள். அந்தக் குழம்பில் ஒரு சொட்டைக்கூட அவள் தன் நாக்கில் வைத்ததில்லை.

பிறப்பால் சைவச் சாப்பாட்டுக்காரி அல்ல. வந்த புதிதில் அகதி முகாமில் போட்ட மாட்டிறைச்சியை ஒரு கேள்வியும் கேட்காமல் தின்றவள். ஊர்ச் சனம் முகம் சுளித்தபோது, "பசிக்கு மாடு ஆடெண்டு தெரியாது" என்று சொன்னவள். சனிக்கிழமைச் சந்தையில் கன்றிறைச்சிச் சொசேஜ் ஒன்றை வாங்கி, கடுகில் தோய்த்து, குளிரில் நின்றபடியே கடித்துச் சாப்பிடுவதுதான் இந்த நாட்டில் அவளுக்கு முதலில் பிடித்துப்போன விஷயம். அவளுடைய புருஷன் வரதராசா அந்த நாட்களைப் பற்றிச் சொல்வான்: "இவவுக்கு சுவிஸ் பிடிச்சது மலையைப் பார்த்தில்லை, சொசேஜைப் பார்த்து."

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதத்தில் அது நின்றது.

அன்று ஜெனீவாவில், ஐ.நா. வாசலுக்கு முன்னாலிருந்த சதுக்கத்தில், ஊரில் நடக்கும் போரை நிறுத்தக் கேட்டுச் சனம் நிரம்பி நின்றது. ஆராவிலிருந்து போன பேருந்தில் செல்வராணி நூற்றைம்பது மட்டன் ரோல்ஸ் கட்டிக்கொண்டு போயிருந்தாள். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் தொண்டை கிழியக் கத்துகிற பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்து முடித்துவிட்டு, மிஞ்சியதில் ஒன்றை எடுத்து ஒரு கடி கடித்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. கனடாவிலிருந்து அவளுடைய அண்ணன் மகேஸ்வரன். தம்பி தயாபரன் கடைசிவரை போர் நடந்த இடத்தில்தான் இருந்தான், வெளியே வந்த சனத்தோடு அவனை இராணுவம் நின்ற பாலத்தடியில் கண்டதாக ஒருவர் சொல்கிறார், அதற்குப் பிறகு கண்டவர் இல்லை.

அவள் கடித்ததை விழுங்கினாள். மிச்சத்தைக் கைத்துடைப்பான் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"என்னப்பா? சாப்பிடுமன்" என்றான் வரதராசா.

"அவன் வரட்டும். ரெண்டு பேருமாச் சேர்ந்து தின்பம்."

அவ்வளவுதான் நடந்தது. கற்பூரம் கொளுத்தவில்லை, எந்தக் கோயிலையும் நினைக்கவில்லை. பிறகு ஆட்கள் அதற்கு நேர்த்திக்கடன் என்றார்கள், விரதம் என்றார்கள். அவள் அதற்கு ஒரு பெயரும் வைக்கவில்லை.

அந்த வருட இலையுதிர் காலத்தில் இல்லத்துச் சமையற்காரர் ஒருவர் நின்றுவிட, அடுப்பில் இடம் காலியானது. செல்வராணியைக் கூப்பிட்டார்கள். இறைச்சி தின்னாமல் விட்டு ஐந்து மாதமான ஒருத்தியின் கையில் இறைச்சிச் சட்டியைக் கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டாள்.

ருசி பார்க்க மேர்சி இருந்தாள். மன்னார்க்காரி, கோப்பை கழுவும் பகுதியில் வேலை, எதையும் வேண்டாம் என்று சொல்லாத வாய். செல்வராணி கரண்டியை நீட்டுவாள். மேர்சி ஈரக் கையைத் துடைத்தபடியே வந்து நக்கிவிட்டு, "உப்புக் காணாது" என்பாள். அல்லது, "கூடிப்போச்சு, கிழவியளுக்குப் பிரஷர் ஏறும்" என்பாள்.

"ராணியக்கா, விரதம் உங்களுக்கு, வயிறு எனக்கு. இந்த வருசம் நாலு கிலோ."

"விரதமில்லையடி."

"பின்னை என்ன?"

"எனக்கு வேண்டாம். நீ இன்னொருக்கா நக்கு."

சில வருடங்களில் மேர்சியின் நாக்கு அவ்வளவாகத் தேவைப்படாமல் போனது. லீட்டருக்கு எத்தனை கிராம் உப்பு என்று செல்வராணி ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். வைன் வற்றுகிறபோது புளிப்பு மூக்கைக் குத்துவது எப்போது நிற்கிறது, கரண்டியின் முதுகில் குழம்பு எவ்வளவு நேரம் வழியாமல் தங்குகிறது, வெண்ணெயின் சத்தம் எந்த இடத்தில் அடங்குகிறது, எல்லாம் கைக்கு வந்தது. கண்ணும் காதும் மூக்கும் சேர்ந்து நாக்கின் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன.

அவளுடைய ஆட்களுக்கு அவள் இறைச்சிச் சட்டியில் நிற்பது பிடிக்கவில்லை. கோயிலில் ஒரு திருவிழாவுக்கு அன்னதானச் சமையலில் நின்றபோது, பரமேஸ்வரி என்கிற சபைக்காரப் பெண் மெதுவாக வந்து, "தங்கச்சி, குறை நினையாதையும். மாடு வெட்டுற கை. பொங்கலுக்கு வேற ஆள் நிற்கட்டும்" என்றாள்.

செல்வராணி அகப்பையைக் கீழே வைக்கவில்லை. "அக்கா, கை சம்பளத்துக்கு வித்தது. வாய் விக்கேல்லை. அதுசரி, தோளில கொழுவியிருக்கிறியளே பை, அது என்ன தோல்? வாழைத் தோலோ?"

அன்றைய பொங்கல் செல்வராணியின் பொங்கல்தான். பரமேஸ்வரியும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

இரண்டாயிரத்துப் பதினான்கில் பூர்கி என்ற புதிய தலைமைச் சமையற்காரர் வந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். வந்த இரண்டாம் மாதம், சம்பளப் பட்டியலில் அவளுடைய பெயருக்கு எதிரே இன்னமும் 'சமையலறை உதவியாள்' என்று இருப்பதைக் கண்டு அவர் திகைத்துப்போனார். செல்வராணி திகைக்கவில்லை. அவளுக்கு அது பழைய காயம். அவள் வெங்காயம் அரியப் பழக்கிவிட்ட நான்கு பேர், மூன்று வருடப் பயிற்சி முடிந்து கையில் சான்றிதழ்ப் பத்திரம் வாங்கிய மறுநாளே அவளுக்குக் கட்டளை போட்டிருக்கிறார்கள். பத்திரம் இல்லாதவள் எத்தனை வருடம் சமைத்தாலும் உதவியாள்தான்.

"ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்த பெரியவர்கள் நேரே இறுதிச் சோதனைக்குப் போகலாம் என்று சட்டம் இருக்கிறது, ராணி. நீ போ" என்றார் பூர்கி.

அவள் சம்மதித்தாள். இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் வகுப்பு. முட்டை எத்தனை பாகையில் இறுகும், கன்றின் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது, கணக்கு, சுகாதாரம், ஜெர்மன். மகள் தக்ஷிகா பக்கத்திலிருந்து கேள்வி கேட்பாள். அவளும் அப்போது ஒரு காப்புறுதி அலுவலகத்தில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரே மேசையில் தாயும் மகளும் படித்தார்கள். நாற்பத்தைந்து வயதில் அந்தப் பத்திரம் செல்வராணிக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது.

சோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் பூர்கி கவனித்தார். இந்த நாட்டில் சமையற்காரர் எல்லாரும் சட்டைக் கையில் தைத்த பையில் ஒரு சின்னக் கரண்டி செருகியிருப்பார்கள், ருசி பார்க்க.

"உன் கரண்டி எங்கே?"

"மேர்சியிடம்."

விஷயம் தெரிந்ததும் பூர்கி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ராணி, சோதனையில் மேர்சி இருக்க மாட்டாள். ருசி பார்ப்பதற்கென்று தனியாகப் புள்ளி இருக்கிறது. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும்."

"தெரியும்."

"அரைக் கரண்டி. பிறகு துப்பிவிடு."

"இல்லை."

அந்தச் சொல்லை ஜெர்மனில் அவள் எப்போதும் மரியாதையாகவே சொல்வாள். அன்றும் அப்படித்தான் சொன்னாள்.

இரண்டாயிரத்துப் பதினேழு ஜூன் மாதம், ஒரு தொழிற்பள்ளியின் சமையலறையில் முதல் சோதனை. கண்காணிக்க இரண்டு பேர். அவர்களில் மூத்தவள் ஏஷ்லிமான் என்ற பெண். நரைத்த தலை, முழங்கைவரை பழைய சூட்டுத் தழும்புகள். அவளும் அடுப்பிலிருந்து வந்தவள் என்று கைகள் சொல்லின. செல்வராணி உருளைக்கிழங்கை ருசி பார்த்தாள், கரட்டைப் பார்த்தாள், அப்பிள் இனிப்பைப் பார்த்தாள். மாட்டெலும்பு சூப்பையும் கன்றிறைச்சிக் குழம்பையும் பார்க்கவில்லை. முகர்ந்து பார்த்தாள், கரண்டி முதுகைப் பார்த்தாள், கொப்பிக் கணக்குப்படி உப்பை நிறுத்துப் போட்டாள்.

ஏஷ்லிமான் பக்கத்தில் வந்து நின்றாள். "திருமதி வரதராசா, இந்தக் குழம்பை நீங்கள் ருசி பார்க்கவில்லை."

"இல்லை."

"மறந்துவிட்டீர்களா?"

"மறக்கவில்லை."

ஏஷ்லிமானின் குரல் இளகியது. "மதக் காரணமா? அப்படியென்றால் சொல்லுங்கள். அதை எழுத இங்கே இடம் இருக்கிறது. புள்ளி குறையாது."

தலையை ஒரு தரம் ஆட்டினால் போதும். இந்த நாட்டில் எத்தனையோ இடங்களில் அவள் அப்படி ஆட்டியிருக்கிறாள். விசா அலுவலகத்தில், பள்ளிக்கூடக் கூட்டத்தில், பல் வைத்தியரிடம். உங்கள் ஆட்கள் இப்படித்தானே என்று கேட்பார்கள், விளங்கப்படுத்த அலுப்பாக இருக்கும், ஆட்டிவிட்டு வருவாள்.

"மதமில்லை" என்றாள்.

"ஒவ்வாமையா?"

"அதுவும் இல்லை."

"பிறகு?"

"எனக்கு வேண்டாம். அவ்வளவுதான்."

ஏஷ்லிமான் எதையோ எழுதினாள். பிறகு தன் கரண்டியை எடுத்துக் குழம்பை ருசி பார்த்தாள். கரண்டியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். இரண்டு மிடறு. அந்த இரண்டாவது மிடற்றில் செல்வராணிக்கு விளங்கிவிட்டது. இல்லத்தில் அவள் எலும்பிலிருந்து தானே காய்ச்சும் சாற்றில் உப்புக் கிடையாது. இங்கே போத்தலில் கொடுத்த சாற்றில் இருந்திருக்கிறது. அதன்மேல் அவளும் நிறுத்துப் போட்டிருக்கிறாள்.

"அரைக் கரண்டி போதும், உங்களுக்கே தெரிந்திருக்கும்" என்றாள் ஏஷ்லிமான். குத்திக்காட்டவில்லை, ஒரு சமையற்காரி இன்னொரு சமையற்காரிக்குச் சொன்னாள்.

முடிவு ஆறுக்கு மூன்று புள்ளி ஒன்பது. தேறுவதற்கு நான்கு வேண்டும்.

பூர்கி யாரிடமோ தொலைபேசியில் கதைத்துவிட்டு வந்தார். மதக் காரணம் என்று ஒரு கடிதம் கொடுத்தால் மறுபடி பார்ப்பார்களாம், நான்கு நிச்சயமாக வருமாம். தக்ஷிகா அன்று மாலையே மடிக்கணினியைத் திறந்து அழகான ஜெர்மனில் எழுதி முடித்தாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"வாசி" என்றாள் செல்வராணி.

மகள் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள். "நான் ஒரு பக்தியுள்ள இந்துப் பெண். என்ர சமயத்தில மாடு புனிதமானது. சின்ன வயசிலயிருந்தே..."

"நிப்பாட்டு. சின்ன வயசிலயிருந்தோ? ஆர், நானோ?"

"அம்மா, ஒரு லைன். எல்லாரும் எழுதுறதுதான்."

"ஆராவ் சந்தையில சொசேஜ் விக்கிற மனுசன் இதை வாசிச்சால் விழுந்து சாவான்."

வரதராசா தேத்தண்ணீரை ஆற்றியபடி சிரித்தான். தக்ஷிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அம்மா, சுவிஸ்காரருக்கு ஒரு பெட்டி வேணும். இந்து எண்டு ஒரு பெட்டி வைச்சிருக்கினம். நீங்கள் அதுக்குள்ள ஏறி இருங்கோ, மூடிப்போட்டு மார்க்ஸ் தருவினம். அவ்வளவுதான் இஞ்ச எல்லாம். நான் பள்ளிக்கூடத்தில எத்தினை தரம் ஏறி இருந்தனான் தெரியுமோ?"

"நீ ஏறினாய். நான் சாமானோ, பெட்டிக்குள்ள இருக்க?"

"அப்ப உண்மையை எழுதுவம். மாமாவைப் பற்றி. பாலத்தைப் பற்றி. ஜெனீவாவைப் பற்றி. வாசிச்சிட்டு அழுவினம் அம்மா. கட்டாயம் தருவினம்."

செல்வராணி எழுந்து நின்றாள். "என்ர தம்பியைக் காட்டிப் புள்ளி வாங்கவோ? அவன் என்ன, கோயில் வாசல்ல விரிச்சு வைக்கிற துணியே?"

வரதராசா தேத்தண்ணீரை வைத்துவிட்டுச் சொன்னான். "ராணி, நீர் ஒரு கரண்டி நக்கினால் தயாபரன் கோவிக்கமாட்டான்."

"ஓம், அவன் கோவிக்கமாட்டான். நான் கோவிப்பன்."

தக்ஷிகா மடிக்கணினியைப் பார்த்தபடி மிகச் சின்னக் குரலில் கேட்டாள். "மாமா வராட்டி, அம்மா?"

அந்த வீட்டில் எட்டு வருடமாக ஒருவரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. கனடாவில் மகேஸ்வரன் அதற்குத் தன் பாட்டில் ஒரு பதில் எழுதிவிட்டான். ஐயரைக் கூப்பிட்டு, செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிச் சடங்கைச் செய்து, படத்துக்கு மாலை போட்டு, அந்தப் படத்தை எல்லாருக்கும் அனுப்பியும் வைத்தான். "ஆரைக் கேட்டு மாலை போட்டனீங்கள் அண்ணை?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தவள், அதற்குப் பிறகு அவனோடு கதைக்கவில்லை.

மகளிடம் அவள் கத்தவில்லை. "வராட்டி, வராதவனுக்காகத் தின்னாமல் இருக்கிறன். அதுக்கு ஒரு கந்தோரிட்டையும் அனுமதி கேக்கேல்லை. இதை அழி."

"அப்ப பத்திரம்?"

"இன்னொருக்கா எழுதுவன்."

"திரும்பியும் அந்தக் கட்டத்தில சைபர்தானே விழும்?"

"விழட்டும். மற்றக் கட்டம் எல்லாம் கிடக்குத்தானே?"

தக்ஷிகா அழித்தாள். அழித்துவிட்டு, "உங்களுக்கு விசர்" என்றாள். அதைச் சொன்ன விதத்தில் கோபம் பாதிதான் இருந்தது.

பூச்சியத்துக்காகச் செல்வராணி ஒரு நாளும் வருந்தவில்லை. குழம்பு உப்புக் கரித்ததுதான் அவளைத் தின்றது. அந்த ஒரு வருடமும் அவள் கடைகளில் சாற்றுப் போத்தல்களைத் தூக்கித் தூக்கிப் பின்பக்கச் சிட்டையை வாசித்தாள். நூறு மில்லிலீட்டரில் எத்தனை கிராம் உப்பு, வற்ற வைத்துப் பாதியாக்கினால் எத்தனை, கிரீம் சேர்த்தால் எத்தனை. வின்டர்தூரில் ஒரு கலியாண வீட்டுக்குப் போன இடத்தில், மற்றவர்கள் மாப்பிள்ளை பெண்ணோடு படம் எடுக்க வரிசையில் நிற்க, அவள் மண்டபத்துச் சமையலறைக்குள் புகுந்து அங்கிருந்த போத்தல்களை வாசித்துக்கொண்டிருந்தாள். வரதராசா தேடிக்கொண்டு வந்தான். "நாங்கள் மொய் குடுக்க வந்தனாங்கள் ராணி, சோதனை போட வரேல்லை." கொப்பி இரண்டாகியது. அவள் கிராமில் சொல்லுவாள், மேர்சி நக்கிப் பார்த்துச் சரி பிழை சொல்லுவாள். மார்ச் மாதத்துக்குப் பிறகு மேர்சியால் ஒரு பிழையும் சொல்ல முடியவில்லை. "எனக்கு வேலை போச்சு" என்று அவள் முறைப்பாடு வைத்தாள்.

மறுவருடம் ஜூன். அதே சமையலறை, அதே ஏஷ்லிமான். செல்வராணி கை கழுவித் துடைத்துவிட்டு, அடுப்புக்குப் போகாமல் நேரே அவளிடம் போனாள்.

"திருமதி ஏஷ்லிமான், இறைச்சிக்கும் சூப்புக்கும் ருசி பார்க்கிற கட்டத்தில் இப்போதே பூச்சியம் போட்டுவிடுங்கள். பிறகு அதைப் பற்றிக் கதைத்து என் நேரம் போகக் கூடாது."

மற்றக் கண்காணிப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். ஏஷ்லிமான் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தாள். "தொடங்காத வேலைக்கு நான் புள்ளி போட முடியாது."

"பென்சிலால் போடுங்கள்."

ஏஷ்லிமான் சட்டைப் பையிலிருந்து உண்மையாகவே ஒரு பென்சிலை எடுத்து, இரண்டு சிறிய வட்டங்கள் போட்டாள். "தொடங்குங்கள்" என்றாள்.

செல்வராணி முதலில் கையில் எடுத்தது போத்தலை. திருப்பிச் சிட்டையை வாசித்தாள். ஒரு துண்டுக் கடதாசியில் கணக்குப் போட்டாள். பிறகுதான் அடுப்பைப் பற்ற வைத்தாள். ஐந்தரை மணித்தியாலம். வைனின் புளிப்பு மூக்கை விட்டு விலகும்வரை காத்திருந்தாள். குழம்பு கரண்டி முதுகில் நின்றது. இம்முறை அவள் குழம்பில் உப்பே போடவில்லை. போத்தலில் இருந்தது போதும் என்று கணக்குச் சொன்னது. கணக்குப் பிழைத்தால் இன்னொரு வருடம். தட்டில் பரிமாறினாள்.

ஏஷ்லிமான் ருசி பார்த்தாள். தண்ணீர்க் கோப்பை பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. பேனாவை எடுத்து மற்றக் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினாள். கடைசியில் அந்த இரண்டு பென்சில் பூச்சியங்களுக்கும் வந்தாள். அவற்றின் மேல் பேனாவால் அழுத்தி, வட்டம் பிசகாமல், திரும்ப எழுதினாள். செல்வராணி பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டது அதைத்தான்.

ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. நான்கு புள்ளி மூன்று. இல்லத்துச் சமையலறையில் பூர்கி அதை இரண்டு தரம் வாசித்தார், அவளுடைய தோளில் தட்டினார், மேர்சியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு, மனுசருக்கு மனசு கேட்கவில்லை. தனக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த ஒரு வரியை எழுதியிருந்தால், ராணி, நான்கு ஏழு வந்திருக்கும்."

செல்வராணி கடிதத்தை வாங்கி மடித்தாள்.

"நான்கு ஏழு, அந்த வரியில் இருந்த பெண்ணுக்கு. அவளை எனக்குத் தெரியாது" என்றாள்.